எலுமிச்சை வந்த வழி

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாரம் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அந்த இருக்கைக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பழக்கம் விடாது. வீட்டு சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் வலது கால் லேசாகத் தூக்கியபடியே இருக்கும்; டி.வி.யில் ஒரு கார் வேகமாக வந்தால் தரையை மிதிப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரே சுவரில் இரண்டு முறை மோதிய மாணவியிடம்கூட, "பரவாயில்ல. மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன செஞ்சீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். அந்த மாணவி நான்தான்.

இப்படிப்பட்டவருக்குப் பீர் மேல் பைத்தியம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வேலை நாளில் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மறுநாள் வகுப்பு இருந்தால் முந்தின நாளும் கிடையாது. ஆகவே அவருக்கு மிஞ்சுவது சனிக்கிழமை மதியம் மட்டும். அதற்காகவே வாரம் பூராவும் உயிரோடு இருக்கிறாரோ என்று அக்காவுக்குச் சந்தேகம்.

அந்த மதியங்கள் நடப்பது அவர் வீட்டு கார் ஷெட்டில். அங்கே கார் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு மடக்கு மேஜை, ஒரு வாஷிங் மெஷின், பழைய சைக்கிள், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு வெள்ளை அலமாரி. அலமாரி பல் டாக்டரின் பழைய கிளினிக்கிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் பல் பிடுங்கும் கருவிகள் இருந்த தட்டுகளில் இப்போது அத்தானின் சுவை பார்க்கும் கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அடி குறுகி, நடுவில் வயிறு பருத்து, வாய் மறுபடி குறுகும் சின்னக் கிளாஸ்கள். அவற்றை அவரைத் தவிர யாரும் கழுவக் கூடாது. சோப்பு கூடாது, வெந்நீர் மட்டும். "சோப்பு பட்டா நுரை நிக்காது" என்பார்.

வருபவர்கள் அதிகமில்லை. பல் டாக்டர் வருவார். எப்போதும் ஒரு வாய் திறந்திருக்க வேண்டும் அவருக்கு, கிளினிக்கில் அடுத்தவர் வாய், இங்கே அவர் வாய். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி வருவாள். டாக்டர் அவளுக்கு வைத்த பெயர் ஊசி; அதுவே நிலைத்துவிட்டது. அத்தானை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் போவது எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விட. அத்தானே கற்றுக்கொடுத்த ஓட்டம் என்பதால் நான் தண்ணீர் மட்டும், அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோகும் பாட்டிலில். இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்டு, எங்கள் ஊர்ப் பீர்ப் பிரியர்கள் படிக்கும் ஒரு போன் குழுவில் எழுதிப் போடுவது. இரண்டு மொழி படித்தவள், எனவே எழுத்து வேலை உன் தலையில் என்று அத்தான் கட்டிவிட்டார்.

அந்த எழுத்தில்தான் அவருடைய தனிக் கறார். நாம் முகர்ந்தே பார்க்காத பொருளின் பெயரை வாசனைக்குச் சொல்லக் கூடாது. ஒரு முறை டாக்டர் பாட்டிலின் லேபிளைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு தீவுப் பழத்தின் பெயரைச் சொன்னார்.

"சாப்பிட்டிருக்கீங்களா டாக்டர்?"

"இல்ல. படத்துல பாத்திருக்கேன்."

"அப்ப அது வேணாம். உங்களுக்குத் தெரிஞ்ச வாசனையா சொல்லுங்க."

டாக்டர் மறுபடி முகர்ந்தார். "புது ஷூ வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு மெல்லிசு பேப்பர் இருக்குமே. அது."

"ஆங்" என்று அத்தான் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ."

இப்படியாக எங்கள் பரிந்துரைகளில் ஷூப் பெட்டி, தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரை, ஊறின பாதாம், வெயிலில் காய்ந்த போர்வை எல்லாம் வந்தன. ஆச்சரியம், ஜனங்களுக்கு இது புரிந்தது. லேபிளில் உள்ள ஆங்கிலத்தைவிட எங்கள் போர்வையை நம்பி வாங்கினார்கள்.

மற்ற விதிகளும் உண்டு. வெளிர் நிறப் பீர் முதலில், கறுப்பு கடைசியில். இல்லாவிட்டால் கனமான சுவை நாக்கில் உட்கார்ந்துகொண்டு மெல்லியதை மறைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிளாஸைத் தண்ணீர் விட்டு அலசுவது. எல்லோரும் கிளாஸைக் கீழே வைக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்தவருக்கும் அதுவே மணக்கும். கடைசி விதி: பீரைக் காய்ச்சினவர் அங்கே இருந்தால் அவர் வாயே திறக்கக் கூடாது.

அந்த விதி ஊசிக்காக வந்தது. அவள்தான் எங்களில் காய்ச்சுபவள். அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள், தெர்மாமீட்டர்கள், லேபைவிடச் சுத்தமான ஒரு தொட்டி. விற்பதற்கான உரிமமும் வாங்கிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குழாயில் பீர் ஊற்றும் ஒரு கடை, அவளுடையதை நிரந்தரமாக வைக்க வேண்டும். ஒரே ஒரு குழாய் கிடைத்தால் லேபில் அரை நாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டகையில் கழிக்கலாம். கிடைக்காவிட்டால் அண்ணன் அந்தக் கொட்டகையில் கார் நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவள் தன் புதுப் பீரைக் கொண்டுவந்தாள். வைக்கோல் நிறம். அதுதான் அன்று முதலில் ஊற்றியது. எல்லோரும் முகர்ந்தோம், நானும்தான். முகர்வதற்கு லைசென்ஸ் போகாது. கிளாஸ்கள் கீழே இறங்கின.

"எலுமிச்சை" என்றார் அத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "சாறு இல்ல. தோல். நகத்தால கீறினா வருமே, அது."

"நானும் அதேதான் சொல்ல வந்தேன்" என்றார் டாக்டர். இந்த முறை அது பொய்யில்லை, எனக்கே அடித்தது.

ஊசி கிளாஸைத் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டிருந்தாள். விதிப்படி அவள் பேசக் கூடாது. பேச்சு முடிந்து, "சரி, இப்ப சொல்லு, என்ன போட்ட?" என்று டாக்டர் கேட்டதும் அவள் சிரித்தாள். "அத எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள். நாங்களும் மேலே கேட்கவில்லை. கைப்பக்குவத்தை யாராவது சொல்வார்களா?

நான் எழுதிப் போட்டேன். அந்த மாதம் எங்கள் குழுவில் இன்னும் சில பீர்களுக்கும் எலுமிச்சைத் தோல் என்று எழுதிய ஞாபகம். "எல்லாரும் எலுமிச்சைக்கு மாறிட்டாங்க போல, சீசன்" என்றார் டாக்டர். எங்கள் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு கடைக்காரரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். கடைவீதி முனையில் குழாய் வரிசை வைத்த கடை அவருடையது. பெரிய உடம்பு, சின்னக் குரல். ஊசியின் பீரை முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடினார்.

"இந்த எலுமிச்ச எங்கிட்ட இருக்கற எதுலயும் இல்ல" என்றார். "அடுத்து காய்ச்சினதும் எடுத்துட்டு கடைக்கு வாம்மா. இதே மாதிரி இருந்தா ஒரு குழாய் உனக்கு."

டாக்டர் எழுந்து ஊசியின் முதுகில் தட்டினார். அவள் மட்டும் ரத்தம் எடுப்பவளுக்கே ரத்தம் வற்றியதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

நடு வாரத்தில் ஒரு மாலை அவள் அத்தான் வீட்டுக்கு வந்தாள். நான் அக்காவோடு சமையலறையில் இருந்தேன். அத்தான் நாற்காலியை இழுத்துப் போடும் முன்பே சொல்லிவிட்டாள்.

"மாஸ்டர், அதுல நான் எலுமிச்ச போடவே இல்ல."

"சரி. அப்ப கசப்புக்குப் போடற பூவுல இருந்து வந்திருக்கும். ஹாப்ஸ்ல சிலது அப்படி மணக்கும்."

"இது மணக்காது. மண்ணு வாசன வர்ற ரகம். எங்க கொட்டகையில குடிச்சா எலுமிச்சயே இல்ல மாஸ்டர். ரொட்டி ஓரம் லேசா கருகினா ஒரு வாசன வருமில்ல, அதுதான். இங்க வந்தா மட்டும் எலுமிச்ச."

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் அப்படிப் பாராட்டும்போது எப்படிச் சொல்றது? எனக்கே மணந்துச்சு. என் மூக்குதான் வீட்ல வேல செய்யலன்னு நெனச்சேன்." அவள் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள். "தோல் சீவிப் போட்டும் காய்ச்சிப் பாத்தேன். பாத்ரூம் கழுவற மருந்து மாதிரி இருக்கு."

வேறு யாராவது என்றால் வருத்தப்பட்டிருப்பார்கள், அல்லது கோபித்திருப்பார்கள். அத்தானுக்கு ஆர்வம் தலைக்கேறிவிட்டது. காரணம் தெரியாத ஒரு வாசனை! சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"கொட்டகையில இல்ல. இங்க இருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

"என் ஸ்கூட்டர்" என்றாள் ஊசி.

அதிலிருந்து ஆரம்பித்தது. பாட்டில் குலுங்குவதால் இருக்குமோ என்று அவளுடைய பாட்டில்களைப் பயிற்சிக் காரில் வைத்து ஊரைச் சுற்றினார். ஒரு பாட்டிலை மெதுவாக, ஒன்றை வேகத்தடைகளின் மேல் ஏற்றி இறக்கி. பின்னிருக்கையில் பாட்டில், முன்னால் பயத்தில் வியர்த்த ஒரு மாணவர். "வேணும்னே மேல ஏத்துங்க, பயப்படாதீங்க" என்று அத்தான் சொன்னதை அந்த மனிதர் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். வெயிலில் வைத்துப் பார்த்தார். போர்வையில் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுபோய் அவளையே முகரச் சொன்னார்.

"கருகின ரொட்டி" என்று ஒவ்வொரு முறையும் போனில் செய்தி வந்தது.

"இதுக்கு நீங்க துப்பறியற வேலைக்கே போயிருக்கலாம்" என்றாள் அக்கா. அவள் ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்; வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னார். நான் குழுவில் போட்ட பழைய செய்திகளை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எலுமிச்சை என்று எழுதியவற்றை மட்டும் வாசித்தேன்.

"இது எல்லாம் ஒரே கம்பெனி இல்ல" என்றார். "ஒரே ரகமும் இல்ல. சரி, இந்த எலுமிச்ச வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நாம என்ன செஞ்சோம்?"

"எதுவும் செய்யல அத்தான். அதுதான் அன்னிக்கு முதல்ல ஊத்தினது."

"இது?"

"இதுவும் முதல்ல."

"அது?"

நான் பார்த்தேன். அதுவும்தான்.

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். கவிழ்த்து வைத்த ஒரு கிளாஸை எடுத்து, ஒன்றும் ஊற்றாமல், மூக்கை உள்ளே விட்டார். அப்படியே நின்றார். பிறகு கிளாஸை என்னிடம் நீட்டினார். வெறும் கிளாஸ். எலுமிச்சைத் தோல், நகத்தால் கீறியதுபோல.

"ஏய்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அக்கா கையில் துணி மடித்தபடி வந்தாள்.

"இந்தத் தட்டுல பூப்போட்ட பேப்பர் விரிச்சது யாரு?"

"நான்தான், போன மாசம். ஏன், நல்லா இல்லையா?"

"வாசன வருதே."

"வரணும்னுதானே விரிச்சேன். உங்க அலமாரியத் தொறந்தா புளிச்ச நாத்தம். கடையில கேட்டேன், ரோஜா இருக்கு, எலுமிச்ச இருக்குன்னான். ரோஜா உங்களுக்குப் பிடிக்காதேன்னு..." அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

கவிழ்த்த கிளாஸ் வாரம் முழுக்க அந்த மணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் பீர் அதைச் சுமந்து வருகிறது. பிறகு தண்ணீர் விட்டு அலசியதும் போய்விடுகிறது. வெளிர் நிறம் முதலில் என்ற எங்கள் விதியை நாங்கள் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்காமல் இருந்திருந்தால் கறுப்புப் பீரிலும் எலுமிச்சை மணந்து எப்போதோ கண்டுபிடித்திருப்போம்.

மதியம் ஊசியும் டாக்டரும் வந்ததும் அத்தான் காலிக் கிளாஸ்களைக் கொடுத்தார். டாக்டர் முகர்ந்துவிட்டு வாஷிங் மெஷின் மேல் சாய்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசி சிரிக்கவில்லை. அன்று மூன்று மணிக்கு அவள் கடைக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். புதுப் பாட்டில்கள் பையில் இருந்தன.

"ஒரு வழி இருக்கு" என்றார் டாக்டர். "அந்தப் பேப்பர்ல ரெண்டு சுருள் வாங்கி அவரு கடை அலமாரிக்கு அன்பளிப்பா விரிச்சுடலாம்."

"சும்மா இருங்க டாக்டர்" என்றார் அத்தான். ஊசியைப் பார்த்தார். "நான் போன் பண்ணி அவர்கிட்ட சொல்லட்டுமா? தப்பு எங்களுதுன்னு?"

"வேணாம் மாஸ்டர். நீங்க சொன்னது போதும்." குரலில் மரியாதை இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "நானே போய்ச் சொல்லிக்கறேன்."

ஆனால் அவளை அந்த நிலையில் ஸ்கூட்டர் ஓட்ட விடாமல் நான் அத்தானின் கார் சாவியை எடுத்தேன். அத்தான் ஒன்றும் குடித்திருக்கவில்லை, இருந்தாலும் பழக்கத்தில் பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஓட்டினேன். ஊசி பின்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு.

கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்திருந்தன. தரை ஈரம் காயவில்லை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிளாஸ்களை வரிசையாக வைத்தார். அவருடையவை நிமிர்ந்து நின்ற கிளாஸ்கள் என்பதை நான் கவனித்தேன். அத்தானும் கவனித்தார், எங்கள் கண்கள் சந்தித்துக்கொண்டன.

காய்ச்சினவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் பாட்டிலைத் திறக்கும் முன்பே ஊசி திறந்தாள்.

"அண்ணே, இதுல எலுமிச்ச இருக்காது. எப்பவும் இருந்ததில்ல. நீங்க முகந்தது மாஸ்டர் வீட்டு அலமாரி."

கடைக்காரர் திரும்பி அத்தானைப் பார்த்தார்.

"எலுமிச்சன்னு மொதல்ல சொன்னது நான்தான்" என்றார் அத்தான்.

"நீங்க எழுதினத நம்பித்தான் நான் வந்தேன்."

"ஆமா."

"இந்த மாசம் நீங்க எலுமிச்சன்னு சொன்னதெல்லாம் நான் வாங்கி வச்சிருக்கேன்."

அத்தானின் வலது கால் தரையை மிதித்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். பாட்டிலைத் திறந்து ஊற்றினார். முகர்ந்தார். ஒரு வாய், பிறகு இன்னொரு வாய். குளிர்சாதனப் பெட்டி ஒரு முறை ஓடி நின்றது.

"அப்ப நீ சொல்லு. இதுல என்னதான் இருக்கு?"

எங்கள் ஷெட்டில் அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. டாக்டர்கூட என்ன போட்டாய் என்றுதான் கேட்டார், என்ன மணக்கிறது என்று கேட்கவில்லை. ஊசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ரொட்டி ஓரம். அடுப்புல கொஞ்ச நேரம் கூட விட்டா வர்ற மாதிரி. அப்பறம் ஈர மண்ணு. கடைசில கொஞ்சம் கசப்பு, ஆனா நிக்காது."

அவர் மறுபடி குடித்தார். "எலுமிச்ச அளவுக்கு யாரும் தேடி வரமாட்டாங்க" என்றார். ஊசி தலையாட்டினாள். "ஒரு பீப்பாய் கொண்டா. குழாய் தர்றேன்னு சொல்லல. ஒரு பீப்பாய். எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்."

திரும்பும்போது கடைவீதி தாண்டியதும் ஊசி ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டா. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"முதல் நாளே எனக்குத் தெரியும், அது கருகின ரொட்டின்னு. நீங்க எலுமிச்சன்னு சொன்னதும் என் நாக்க நானே நம்பல. ஒரு மாசம் மாஸ்டர். நல்ல பீர வச்சுக்கிட்டு, தோல் சீவிப் போட்டுக் கெடுத்துட்டிருந்தேன். அத்தன பாத்திரமும் கொட்டினேன். உங்களுக்கு அந்த வாயக் கொஞ்சம் மெதுவாத் தொறந்தா என்ன?"

வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. அத்தான் அவருடைய பிரேக்கை மிதித்திருந்தார். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

அத்தான் திரும்பி உட்கார்ந்தார். "நீ சொல்றது சரி" என்றார். ஊசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கேட்டார்: "அந்த ரொட்டி ஓரம் இருக்கே. மால்ட்ட இன்னும் கொஞ்சம் வறுத்தா என்ன ஆகும்?"

அவள் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

"கசப்பு முன்னாடி வந்துடும்."

"கொஞ்சத்த மட்டும் வறுத்தா?"

"கொஞ்சத்தன்னா?" அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். நான் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு கண்ணாடியும் பார்த்து, வண்டியை எடுத்தேன். வீடு வரும்வரை பேச்சிலேயே மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, வறுத்தார்கள்.

எலுமிச்சை என்று எழுதியது எல்லாம் தவறு, காரணம் எங்கள் அலமாரி என்று அன்றே குழுவில் போட்டேன். அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வரியையும் மழுப்ப விடவில்லை. டாக்டர் கீழே ஒரு பூப்போட்ட பேப்பரின் படம் போட்டார். ஒரு வாரம் ஊரே எங்களைக் கிண்டலடித்தது.

பீப்பாய் போன பிறகு கடைக்காரரிடமிருந்து சத்தமே இல்லை. ஊசியின் அண்ணன் கொட்டகை வாசலை அளந்து பார்த்தாராம். பிறகு ஒரு நாள் நான் பார்க்கிங் பழக அத்தானோடு போயிருந்தபோது அவர் போன் அடித்தது. வகுப்பில் போன் எடுக்காதவர், ஊசியின் பெயரைப் பார்த்ததும் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், இன்னொரு பீப்பாய் கேக்கறாரு. குழாய் தர்றாராம்."

அத்தான் கண்ணை மூடித் திறந்தார். அவர் வாழ்த்துச் சொல்வார் என்று நான் நினைத்தேன்.

"குடிச்சவங்க என்ன வாசன சொன்னாங்களாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன் மாஸ்டர். ஒண்ணும் சொல்லலையாம். இன்னொரு கிளாஸ் கேட்டாங்களாம்."